கல்லாற்றில் என் பெயரைக் கேட்டேன்

பிரியமானவர்களே, கல்லாற்றின் நடுவில், இரண்டு பாறைகளுக்கு இடையில் இடது கால் சிக்கி, இடுப்பு வரை தண்ணீரில் நான் கிடந்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கத்தினால் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. எனக்குப் பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் யாராவது பார்ப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. அன்றைக்குச் செத்திருக்க வேண்டியவன். உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அது கர்த்தர் செய்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அழகாக எழுத எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மதிவாணன். சொந்த ஊர் வள்ளியூர் பக்கம். என் அப்பா கட்சிக்காரர். கோவிலும் வேண்டாம் சர்ச்சும் வேண்டாம் என்று வாழ்ந்தவர், அவர் வைத்த பெயர்தான் இது. பிழைக்கத் திருவனந்தபுரம் வந்து, சாலை என்கிற கடைவீதியில் தமிழர் ஒருவருடைய சைக்கிள் கடையில் சேர்ந்தேன். சக்கரத்துக்கு ஸ்போக் பூட்டுவதும், பெட்டியில் வரும் சைக்கிளை முடுக்கி நிமிர்த்துவதும் என் வேலை. கடைவீதி முழுக்க எனக்கு மதி என்றுதான் பெயர்.

மலையாளம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலையாளத்தில் 'மதி' என்றால் 'போதும்'. ஹோட்டலில் சோறு போடும்போது இலைக்கு மேல் கையை மறித்து "மதி, மதி" என்பார்கள். அப்படி யார் சொன்னாலும் என்கூட வேலை செய்கிறவர்கள் என் விலாவில் இடித்து, உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், போ என்பார்கள். ஆரம்பத்தில் நானும் ஓரிரண்டு தடவை எழுந்து நின்றிருக்கிறேன். சிரித்துச் சிரித்துப் பழகிப்போன விஷயம்.

என் மனைவி எஸ்தர் பாறசாலைக்காரி. கல்யாணம் முடிந்தபின் அவளுக்காகச் சபைக்கு வந்தேன். கடைசி பெஞ்சில், வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவேன். ஜெபம் செய்கிற வேலையை அவளிடம் விட்டிருந்தேன். எஸ்தர் என் பெயரைச் சொல்லமாட்டாள். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் வீட்டுப் பெண்கள் வளர்த்த பழக்கம். இஞ்ச பாருங்க என்பாள், அதுதான் வீட்டில் என் பெயர்.

சுனாமி வந்ததற்கு முந்தைய ஐப்பசி. ஒரு சைக்கிள் கிளப்காரர்கள் பொன்முடி அடிவாரத்தில் மலைச் சைக்கிள் மாரத்தான் நடத்தினார்கள். கடைக்குக் கியர் சைக்கிள் புதிதாக வந்திருந்தது. கடைப் பெயர் நாலு பேருக்குத் தெரியட்டும், நீ ஓட்டு என்றார் முதலாளி. எனக்கும் ஆசை தலைக்கேறிவிட்டது. ஊர்த் திருவிழாவில் ஸ்லோ சைக்கிள் ரேசில் மட்டும் பரிசு வாங்கியவன் நான். ஆனாலும் இரண்டு மாதம் காலையில் சாஸ்தமங்கலம் ஏற்றம், பேரூர்க்கடை ஏற்றம் என்று மிதித்துப் பழகினேன்.

ரேஸ் ஞாயிற்றுக்கிழமை. எஸ்தருக்கு அது பிடிக்கவில்லை. மழையும் மூடிக்கொண்டு நின்றது. அடுத்த வருஷம் போனால் ஆகாதா என்று கேட்டாள். அடுத்த வருஷம் முதலாளி வேறு ஆளைப் பிடிப்பார் என்றேன். அவள் ஹேண்டில் பாரில் கை வைத்து ஜெபித்தாள். நான் அந்த நேரத்தில் குனிந்து காற்று அடித்துக்கொண்டிருந்தேன். ஆராதனை முடிந்ததும் சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள்.

ரேஸ் பாதையைப் பற்றி என்ன சொல்ல. கொஞ்ச தூரம் ரப்பர் தோட்டம், அப்புறம் எஸ்டேட் ரோடு, அதற்கு மேல் ரோடே கிடையாது. பானை அளவில், அண்டா அளவில் உருண்டைக் கல். கல்லுக்கு மேலே பாசி. முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் பின்சக்கரம் வேறு பக்கம் போகும். ஏறவே முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டு நடந்தேன். இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. நல்ல நல்ல ஓட்டக்காரர்கள் வழியில் உட்கார்ந்து வாந்தி எடுத்ததைப் பார்த்தேன். நான் முன்னணியிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. அவ்வளவு வேதனையிலும் சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்லக்கூடாது.

மதியத்துக்கு முன்னால் மழை பிடித்தது. ஐப்பசியில் வரும் துலாமாத மழை உங்களுக்குத் தெரியும், இடியும் மின்னலுமாக வரும். ஒரு வளைவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் எஸ்டேட் ரோடு கீழே போகும். வலது பக்கம் ஆற்றைக் கடக்கிற ரேஸ் பாதை. வளைவுக்கு முன்னாலேயே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மேட்டில் கிளப்காரர் ஒருவர் குடை பிடித்து நின்றார். என்னைப் பார்த்ததும் குடையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினார். மழைச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மதி! மதி!"

என் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தேன். சாலைக் கடைவீதியில் என்னைத் தெரிந்தவராக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு ரோமம் சிலிர்த்தது. கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டு, எழுந்து நின்று மிதித்து வலது பக்கம் போனேன்.

அவர் சொன்னது 'போதும், நிறுத்து, ரேஸ் முடிந்தது' என்று. மலைக்கு மேலே பேய்மழை, ஆறு பெருகி வருகிறது, எல்லோரும் எஸ்டேட் ரோட்டில் இறங்குங்கள் என்று. நான் கையைத் தூக்கியதைப் பார்த்து, ஆளுக்குப் புரிந்துவிட்டது என்று அவரும் நிம்மதியாக ஜீப்புக்குப் போய்விட்டார். வளைவுக்கு அப்பால் நான் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது சரியான மலையாளம். நான் கேட்டது சரியான தமிழ்.

ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பாதி தாண்டினேன். பாசியில் கால் வழுக்கியது. விழுந்தபோது இடது கால் இரண்டு பாறைக்கு நடுவில் இறங்கிவிட்டது, உடம்பு வேறு பக்கம் சாய்ந்தது. எலும்பு ஒடிகிற சத்தத்தை நான் காதால் கேட்டேன். சைக்கிள் தலைக்கு மேலே குறுக்காக மாட்டிக்கொண்டது. அதன் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினேன். காலை இழுத்தால் கண் இருட்டியது.

முதலில் பயமில்லை. பின்னால் வருகிற கூட்டம் இந்த வழியாகத்தானே வரவேண்டும். தண்ணீர் தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. நிறம் மாறி, பால் விடாத கட்டஞ்சாயா மாதிரி ஆனது. மரக்கொப்பெல்லாம் அடித்துக்கொண்டு போனது. யாரும் வரவில்லை. அப்போதுதான் அந்த மனிதர் கை ஆட்டியது நினைவுக்கு வந்தது. உற்சாகப்படுத்துகிறவன் அப்படியா ஆட்டுவான்? ஹோட்டலில் இலைக்கு மேல் மறிக்கிற கை ஞாபகம் வந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் வரமாட்டார்கள் என்பதும் விளங்கிவிட்டது. அந்த இடத்தில் நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

ஜெபிக்கலாம் என்றால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசி பெஞ்சுக்காரனை ஆண்டவருக்கு அடையாளம் தெரியுமோ தெரியாதோ. சாலையில் புதுக் கடைக்குப் போனால், தெரிந்தவர் பெயரைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்போம். அப்படியே, நான் எஸ்தருடைய வீட்டுக்காரன் என்றேன். பிறகு விலாசம் சொன்னேன். சிரிக்காதீர்கள், சரக்கு அனுப்புகிற கடையில் வேலை செய்கிறவனுக்கு வேறென்ன தெரியும். கல்லாறு, ரேஸ் பாதை கடக்கிற இடம், எஸ்டேட் கரையோரம், பெரிய பாறைக்குக் கீழே என்றேன். யாரையாவது அனுப்பும் ஆண்டவரே என்றேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபிறகும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எந்தச் சமாதானமும் எனக்கு வரவில்லை. பல் கிட்டித்தது, அவ்வளவுதான்.

இனி எஸ்தர் சொல்லி எனக்குத் தெரிந்தது. அவள் அடிவாரத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தபோது அங்கே ஒரே குழப்பம். ஆறு பெருகிவிட்டது என்று ஜீப்பிலும் எஸ்டேட் லாரியிலும் ஆட்களை இறக்கினார்கள். மழைக்குப் பயந்து பலபேர் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் போய், சாலையிலிருந்து வந்த ஆள், எங்க வீட்டு ஆள், கறுத்து மெலிந்த ஆள் என்று விசாரித்திருக்கிறாள். பெயர் சொல்லவில்லை. பஸ் ஏறிப் போயிருப்பார் என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். முதலாளியின் புதுச் சைக்கிளை விட்டுவிட்டு அவர் பஸ் ஏறமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்து, பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தாளாம். எங்கே தேடுவது என்று காட்டும் ஆண்டவரே, அதுமட்டும் காட்டும் என்று. கண்ணை மூடி இருக்கும்போதே, பக்கத்தில் ஒருவர் தலை துவட்டிக்கொண்டு இன்னொருவரிடம் பேசியது காதில் விழுந்தது. குடைக்காரர்தான் அவர்.

"ஞான் 'மதி, மதி'ன்னு விளிச்சு பறஞ்ஞு. ஆள் கை பொக்கி காணிச்சிட்டு போயி."

'மதி, மதி' என்று கூப்பிட்டுச் சொன்னேன், ஆள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டான் என்கிறார். எஸ்தர் பிறந்ததிலிருந்து மலையாளம் பேசுகிறவள். அந்த வார்த்தையை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறவள், சொல்கிறவள். அன்றைக்கு அது அவளுக்குப் போதும் என்று கேட்கவில்லை. என் பெயராகக் கேட்டது. ஜெபத்துக்கு நடுவில் அப்படிக் கேட்க வைத்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள். எழுந்து ஓடி அவர் கையைப் பிடித்தாளாம்.

"சாரே, அது அவருடெ பேராணு. மதின்னா அவருடெ பேராணு. அவரு ஆத்துக்குள்ள போயிட்டாரு."

அந்த மனிதர் முகம் வெளுத்துப்போனது. உடனே ஜீப் டிரைவரையும் எஸ்டேட் ஆட்கள் இரண்டு பேரையும் வடத்தோடு ஏற்றினார். எஸ்தரையும் ஏற்றிக்கொண்டார்.

எனக்குத் தண்ணீர் தாடையைத் தொட்டிருந்தது. கை விட்டுப்போகிற நேரம். அப்போது ஒரு பெண் குரல், மதி, மதி என்று கேட்டது. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. எஸ்தர் வாயால் நான் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லையே. கரையில் நின்று அலறுகிறாள். வடத்தை விட்டுக்கொண்டிருந்த ஆட்கள் அவள் போதும் என்கிறாள் என்று நினைத்து நிறுத்திவிட்டார்கள். குடைக்காரர், அது பெயர், நீங்கள் விடுங்கள் என்று கத்தினார். வடம் வந்தது. டிரைவர் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி, கம்பியால் பாறையை நெம்பி என்னை எடுத்தார். இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

இங்கே நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்குமேலும் நடந்தது. கால் நசுங்கிப் போயிருந்தது, புண்ணில் விஷம் ஏறியது. சபை முழுவதும் உபவாசம் இருந்து ஜெபித்தீர்கள். நானும் அந்தக் காலுக்காகக் கெஞ்சினேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆற்றிலிருந்து தூக்கியவருக்கு ஒரு காலைக் காப்பாற்ற முடியாதா என்று எஸ்தரிடம் கத்தினேன். இனி என் முன்னால் ஜெபிக்காதே என்றேன். அவள் கட்டு மாற்றினாள், கஞ்சி கொடுத்தாள். குடைக்காரரும் வந்தார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். உங்கள் மேல் தப்பில்லை சார் என்று அவரிடம் சொல்ல முடிந்தது. அதைச் சொன்னபிறகுதான் ஆண்டவர் மேல் இருந்த கோபமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

இப்போது கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து சக்கரம் பூட்டுகிறேன். சபையில் முன்பெஞ்சில் உட்காருகிறேன், கட்டைக்காலை நீட்ட அங்கேதான் இடம் இருக்கிறது. ஒரு சகோதரர், சாட்சியில் கால் விஷயத்தை விட்டுவிட்டால் கேட்கிறவர்களுக்கு விசுவாசம் பெருகும் என்று நல்ல மனதோடு சொன்னார். எனக்கு அப்படி ஒளித்து வைக்கத் தெரியாது. யாரையாவது அனுப்பும் என்றேன், அனுப்பினார். கால் வேண்டும் என்றேன், கொடுக்கவில்லை. இரண்டையும் செய்தவர் ஒருவரேதான். அவரைத்தான் நம்புகிறேன், நீங்களும் நம்புங்கள் என்று கேட்கிறேன். கேட்டது கிடைக்காமல் கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்களே, அந்தக் கோபத்தோடேயே வந்து பேசுங்கள். அவர் முகம் திருப்புகிறவர் இல்லை.

மழை பலமாகப் பெய்தால் எனக்கு இன்னும் உடம்பு நடுங்குகிறது. இல்லாத பாதத்தில் குளிர் ஏறும், ஒடிந்த இடம் வலிக்கும். இல்லாத கால் எப்படி வலிக்கும் என்று டாக்டர் விளக்கினார், அதனால் வலி குறையவில்லை. அப்போதெல்லாம் எஸ்தர் கைவேலையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். முழங்காலுக்குக் கீழே, ஒன்றுமில்லாத அந்த இடத்தில் பாயின்மேல் கையை வைப்பாள். இப்போது ஜெபிக்கிறவன் நான், ஆமென் சொல்கிறவள் அவள். கொஞ்ச நேரத்தில் குளிர் விட்டுவிடும். அதற்காகவும் அவருக்கு ஸ்தோத்திரம்.