பன்னீர்ப் பாட்டிலும் திருநீறும்

யுத்த காலத்தில் புதுப் பாட்டில் வருவது நின்றுபோனது. திருத்தணி மலையடிவாரத்தில் பன்னீர் விற்ற எங்கள் முதலாளி ரங்கையா, பட்டாளத்துக் கேம்பில் குடித்துப் போட்ட பிராந்தி பாட்டில்களை வண்டியில் ஏற்றிவந்து கடை முற்றத்தில் இறக்கினார். ஆடிக் கிருத்திகைக்குக் கோயிலுக்குப் பன்னீர் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பாட்டில் கழுவும் வேலை என்னுடையது.

"இந்தா வள்ளி, லேபிள் துளிகூட இருக்கக்கூடாது. பிராந்திப் படத்தோட சாமிகிட்ட போனா என்னை வெரட்டி அடிப்பாங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளப் பாக்கறேன்."

"முடியுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? திருவாலங்காட்டுக் கழனியில் களை எடுக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார் என் அக்கா புருஷன், பாவா. இந்த வேலை போனால் மறுநாளே என்னைச் சேற்றில் இறக்கிவிடுவார். குனிந்து குனிந்து என் முதுகு ஒடிந்தது போதாதா? செத்தாலும் கழனிக்குத் திரும்புவதில்லை என்று அக்காவிடம் சத்தியம் பண்ணியிருந்தேன்.

உள்ளூர் லேபிளை மைதாக் கூழில் ஒட்டியிருப்பார்கள். அண்டாவில் ஊறப்போட்டால் தானாக உரிந்து மிதக்கும். இந்தச் சீமை லேபிள் அப்படியா? காகிதம் போனது, பசை மஞ்சளாக, பிசுபிசுவென்று நின்றது. சாம்பல் போட்டுத் தேய்த்தால் சாம்பலையும் பிடித்துக்கொண்டது, சனியன்! செங்கல் தூள் போட்டால் கண்ணாடியில் கீறல் விழுந்தது. கூட வேலை செய்த லட்சுமி மண்ணெண்ணெய் கொண்டுவந்தாள். பசை போனது, வாடை போகவில்லை. பன்னீர்க் கடையில் மண்ணெண்ணெய் வாடையா?

"எடுத்துகினு போடி அந்தாண்ட!" என்று விரட்டினேன்.

கடைவீதியில் ஒருவன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுப்பதைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. பலாப்பாலும் பசைதானே? வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயைப் பாட்டில்களில் பூசி, வெயிலில் காய்ந்த பாறைமேல் அடுக்கினேன். சூடேறியதும் கோணித் துண்டால் வழித்தால் பசை திரண்டு திரண்டு வந்தது. கண்ணாடி பளபளத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாதிரிக்கு ஒரு கூடையை முதலாளியோடு மலைக்குத் தூக்கிப் போனேன். அங்கே சாமான் வாங்கும் மணியக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. பாட்டில்மேல் திருநீறு தூவி, பூவென்று ஊதுவார். திருநீறு பறந்தால் பாட்டில் சுத்தம். என் பாட்டிலில் தூவி ஊதினார். ஒரு துளி பறக்கவில்லை.

"என்னம்மா இது, பாட்டிலே பட்டை போட்டுகினு நிக்குது!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "எண்ணெய்ப் பிசுக்கு. எடுத்துகினு போங்க. நாளைக்குள்ள சுத்தமா வந்தா வாங்கறேன்."

கடைக்கு வந்ததும் முதலாளி கேட்டார்: "உங்க பாவாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது எனக்கு. "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் சும்மா இருங்க" என்றேன். முதலாளியிடம் அப்படிப் பேச எங்கிருந்து துணிச்சல் வந்ததோ!

எண்ணெய்த் தலையை எதைப் போட்டு அலசுகிறோம்? சிகைக்காய்தான். விடிந்ததும் அரைத்துக் குழைத்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் தலைமுழுக்குப் போட்டேன். லட்சுமி முணுமுணுத்துக்கொண்டே வெந்நீர் ஊற்றினாள். "பாட்டிலுக்கு ஜடை பின்னி பூவும் வெக்கறியாடி?" என்றாள். சிகைக்காய் கண்ணில் பட்டு எரிந்தது, விரல் தோல் ஊறி வெளுத்தது. விடவில்லை. கவிழ்த்துக் காயவைத்து, சாயங்காலத்துக்குள் மலையேறிவிட்டோம்.

மணியக்காரர் தூவினார், ஊதினார். வெறும் கண்ணாடி நின்றது. இன்னொன்றை எடுத்து ஊதினார். அடுத்ததைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தும் பார்த்தார்.

"ஆங், பன்னீர் ரொப்பி எடுத்துகினு வாங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கீழே கடை வாசலில், கழனிக்கு ஆள் தேடி வந்த பாவா நின்றிருந்தார். "என்னா, நாளைக்குக் கழனிக்கு வரியா?"

"நீங்க போங்க பாவா. எனக்கு இங்க வேலை கீது."

அதற்குப் பிறகு காலமெல்லாம் பாட்டில்தான் கழுவினேன். இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒட்டியதை எடுத்தால் பாதி வேலை. எடுக்கப் போட்டதையும் எடுத்தால்தான் முழு வேலை. ஊதிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.