சாயம் போன கேமரா

என் அண்ணி தில்லையம்மாளுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். கல்யாணமாகி வந்த மறுநாளே நான் வைத்த குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லியும், நாக்கில் வைத்துப் பார்த்தாள். நாத்தனார் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு! அன்றிலிருந்து அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அந்தச் சந்தேகத்துக்காகவே எங்கள் தெருவில் தறியிலிருந்து சேலை அறுக்கிறவர்கள் எல்லாம், முதலாளியிடம் கொண்டுபோகும் முன் அவளிடம் வந்து காட்டுவார்கள். முந்தானை ஜரிகையை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கரையும் உடலும் சேருகிற இடத்தைத் தடவுவாள். பிறகு விரலை நாக்கில் நனைத்து, சேலையின் மூலையில் அழுத்தித் தேய்ப்பாள். விரலில் நிறம் ஒட்டினால், "சாயம் போவுது, எடுத்துக்கினு போ" என்பாள். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அவளுக்குப் புருஷனாக வாய்த்த என் அண்ணன் முனுசாமி நேர் எதிர். யார் எது சொன்னாலும் நம்பிவிடுவான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தான். எழுபத்தொண்ணு பொங்கலோடு முதலாளி கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். தறிக்கு இவன் கை வளையாது. மெட்ராஸில் ஒரு ஃபாக்டரியில் இடம் இருக்கிறது என்றார்கள். போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு. அண்ணி தன் இரண்டு தங்க வளையலையும் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"சொந்தமா கேமரா வாங்குங்க. ஃபாக்டரியெல்லாம் வேணாம்."

பங்குனியில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க அவனைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வளையல் இரண்டுதான். தப்பான கேமரா வாங்கினால் மெட்ராஸ் பஸ்தான்.

பழைய கேமரா விற்கிற சிட்டிபாபு வீட்டுக்கு மூன்று பேரும் போனோம். எலெக்‌ஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது. சுவரெல்லாம் சின்னம். மேலிருந்து குனிந்து பார்க்கிற மாதிரி, இரண்டு கண் வைத்த கேமராக்கள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று மாப்பிள்ளைபோல இருந்தது. மற்றதில் தோல் உரிந்து, வார் அறுந்து கிடந்தது. அண்ணன் மாப்பிள்ளையைத்தான் எடுத்தான். தொழில் தெரியாதவன் இல்லை. பின்கதவைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தான். ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அழுத்தினான். நேரத்துக்கு மூடாமல் லேசாக இழுத்தது.

"ரொம்ப நாளா சும்மா இருந்துச்சுபா. பத்து வாட்டி அடிச்சா சரியாப் பூடும்" என்றார் சிட்டிபாபு.

இவன் தலையை ஆட்டிவிட்டான்!

அண்ணி குனிந்து லென்ஸைப் பார்த்தாள். நல்ல லென்ஸில் நீலமும் ஊதாவுமாக ஒரு பூச்சு மின்னும். அது அவளுக்கு எங்கே தெரியும்? சாயம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். விரல் நாக்குக்குப் போயிற்று. நான் ஐயோ என்பதற்குள் லென்ஸை அழுத்தித் தேய்த்தே விட்டாள்.

"அய்ய, இன்னாம்மா பண்ற! லென்ஸ்ல எச்சியத் தடவற!" என்று சிட்டிபாபு குதித்தார்.

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. "தில்ல, மானத்த வாங்காத, கைய எடு."

அண்ணி கையை எடுத்துப் பார்த்தாள். விரல் நுனி கறுப்பாக இருந்தது.

"சாயம் போவுதுங்க" என்றாள்.

லென்ஸின் சாயம் இல்லை அது. விரல் வழுக்கி, லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தில் பட்டிருந்தது. அங்கே தடவியிருந்த மை கரைந்து, அடியில் நசுங்கின இடம் பல்லிளித்தது. அண்ணன் வாங்கிப் பார்த்தான்.

"எங்கியோ வுழுந்திருக்குது இது. அதான் ஷட்டர் இழுக்குது." அவன் குரல் அவ்வளவு கடுமையாகி நான் கேட்டதே இல்லை.

"நான் வாங்கறப்பவே அப்படித்தான்பா இருந்துச்சு" என்று சிட்டிபாபு தலையைச் சொறிந்தார்.

அண்ணன் தோல் உரிந்ததை எடுத்தான். ஷட்டர் ஒரே சீராக அடித்தது. லென்ஸ் தெளிவாக இருந்தது. அப்புறம் அவனாகவே அதை அண்ணியிடம் நீட்டினான்.

"வளையத்த மட்டும் தேச்சுப் பாரும்மா."

இடது கை விரலை நனைத்துத் தேய்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. ஆனாலும், "ஃபிலிம் போட்டுப் பாத்துட்டுத்தான்" என்றாள். சிட்டிபாபுவால் மறுக்க முடியுமா? சட்டைப்பையில் கொண்டுவந்த ஃபிலிமை அண்ணன் போட்டான். முற்றத்து வெயிலில் முதல் படம் அண்ணியைத்தான் எடுத்தான். அவள் கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"தூக்கும்மா. அந்த விரல்தான் எனக்கு வேணும்."

ஃபிலிமைக் கழுவிப் பார்த்தோம். பன்னிரண்டு படமும் ஓரம்வரை துல்லியம். அதையே வாங்கினோம். சந்தோஷத்தில் நான் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். அப்புறம் குழம்பு ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.

பங்குனிக் கல்யாணம் நன்றாக நடந்தது. அதை வைத்து இன்னும் நாலு வந்தன. ஆவணியில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன அறை பிடித்து ஸ்டுடியோ போட்டான். உள்ளே நுழைந்ததும் அண்ணியின் படம்தான், முறைத்த கண்ணும் தூக்கிய கறுப்பு விரலுமாக.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள்: "யாருபா இது, ஓட்டு போட்டுட்டு வந்தாங்களா?"

அண்ணன் ஃபிலிம் மாட்டிக்கொண்டே சொல்வான்: "ஆமாங்க. எனக்குப் போட்டாங்க."