பல்லக்குக்குப் பின்னால் நின்ற இட்லி வண்டி

காலை எட்டு மணிக்குப் புனே சிவாஜிநகரில் லோக்கல் ரயில் ஏறினேன். கசார்வாடிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ஒரு மகானின் பாதுகைகளோடு பக்தர்கள் பண்டரிபுரத்துக்கு நடந்தே கொண்டுபோகும் பல்லக்கு அன்று பழைய மும்பை சாலை வழியாகப் புனேவுக்குள் வருகிறது. அதைப் பார்க்கத்தான் மதுரையிலிருந்து வந்திருந்தேன்.

தூறலில் சாலை முழுக்க வெள்ளைக் குல்லாய்கள், தாளச் சத்தம். இரு ஓரமும் பந்தல் போட்டு நடப்பவர்களுக்கு வாழைப்பழமும் டீயும் சும்மாவே கொடுத்தார்கள். நானோ வெறும் வயிறு. சாம்பார் வாசனை ஒரு தள்ளுவண்டிக்கு இழுத்துப் போனது. வண்டிக்காரர் முருகேசன், மனைவி செல்வி. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். தாத்தா காலத்தில் இங்கே பக்கத்திலிருக்கும் கட்கி தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களாம். பிளேட் முப்பது ரூபாய் என்று பலகை சொன்னது. டப்பாக்கள் மூடியே இருந்தன.

"இன்னிக்கு விக்கறதில்ல சார். நடக்கறவங்களுக்குத்தான்," என்றார் செல்வி.

"அவங்கதான் இத்தனை பேர் போறாங்களே, ஏன் மூடி வச்சிருக்கீங்க?"

"முன்னாடி போறவங்களுக்கு அடிக்கு அடி சாப்பாடு சார். கால் முடியாம பின்னாடி வர்றாங்க பாருங்க, அவங்க வர்றதுக்குள்ள பந்தலையே பிரிச்சுடறாங்க. நாங்க அவங்களுக்குன்னு வருஷா வருஷம் நிக்கறோம்."

பத்து மணிக்குப் பல்லக்கு கடந்தது. எங்கள் ஊரில் சாமி தாண்டியதும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது: பந்தல்காரர்கள் அண்டாக்களைக் கவிழ்த்தார்கள். அப்போது பக்கத்துப் பட்டறை மேலாளர் ஸ்கூட்டரில் வந்தார். சாலை அடைப்பால் பட்டறை ஆட்களுக்குச் சாப்பாடு வரவில்லையாம். எல்லா இட்லியையும் இரட்டை விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், திங்கள் முதல் தினசரி ஆர்டரும் உங்களுக்கே என்றார் இந்தியில். "பல்லக்குதான் போயாச்சே!"

செல்வியின் முகம் மாறிவிட்டது. அந்த ஆர்டருக்காக அவர் ஒரு வருடமாக அலைந்தவராம். கிடைத்தால் வண்டியை விட்டுவிட்டு வாடகைக்கு ஒரு கடை பிடிக்கலாம். முருகேசன் அவரையே பார்த்தார். சாலையில் நாலைந்து பேர் நொண்டியபடி வந்துகொண்டிருந்தார்கள்.

"நாளைக்குத் தரோம் சாப்," என்றார் செல்வி இந்தியில். இன்று இல்லையென்றால் என்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு மேலாளர் கிளம்பிப் போனார். செல்வி மூடியைத் திறந்தார்.

கடைசியாக ஒரு வயதான அம்மாள் வீங்கிய காலோடு வந்தார். பல்லக்கு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கேட்டார். போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இப்போதுதான் தாண்டியது, எட்டிப் பிடித்துவிடலாம் என்று முருகேசன் மராத்தியில் கூசாமல் புளுகி, இன்னும் இரண்டு இட்லி வைத்தார். மனிதரை எனக்கு அப்போதே பிடித்துப்போனது.

சாப்பிட்டதும் அந்த அம்மாள் "மாவுலி" என்று செல்வியின் காலைத் தொட்டார். தாயே என்று அர்த்தம். இந்த யாத்திரையில் யாரும் யாரையும் அப்படித்தான் வணங்குவார்கள். பதிலுக்குத் தொட வேண்டும். குனிந்த செல்வி நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. அந்த அம்மாள் நடக்கத் தொடங்கியிருந்தார்.

"கடை போச்சேன்னு அழறியா?" என்றார் முருகேசன்.

"ஆமா. அழாம?" மூக்கை உறிஞ்சினார் செல்வி. "அந்தம்மாவுக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இருந்தும் பாட்டிலை வாங்கிக்கொண்டு அந்த அம்மாளின் பின்னால் ஓடினேன்.