கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு: ஆங்கிலப் பேச்சுத் தேர்வும் அரை மதிப்பெண்ணும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்காக பிரிக்பீல்ட்ஸ் போனேன். நான் தாதி. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை என்னை வேலைக்கு எடுக்கத் தயார். பேச்சில் ஒன்பதுக்கு ஏழு மதிப்பெண் மட்டும் பாக்கி, அதுவும் மாதக் கடைசிக்குள். இதே தேர்வுக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை 7.25க்கு கிராப் வாடகைக் கார். புக்கிட் திங்கியிலிருந்து கிள்ளான் ஸ்டேஷனுக்கு 11 ரிங்கிட், இருபது நிமிடம். ஆங்கிலத்தில் எனக்கு எமன் இந்த இன், ஆன், அட் மூன்றும்தான். காருக்கு 'இன்', பஸ்ஸுக்கு 'ஆன்' என்கிறது புத்தகம். இரண்டிலும் உள்ளேதானே உட்காருகிறோம்! ஓட்டுநர் அங்கிளிடமே கேட்டேன்.

"பஸ்ல ஏறுறோம், அதான் ஆன். கார்ல நுழையுறோம், அதான் இன். சிம்பிள்லா."

"அப்போ லோரி, அங்கிள்?"

அடுத்த சிக்னல் வரை யோசித்தார். "டிரைவர் இன், சாமான் ஆன்." சிரித்துக்கொண்டே அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

7.58க்கு ரயில். பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பக்கத்தில் இருந்த பெண் வங்கியில் வேலை பார்ப்பவளாம். என் நோட்டை எட்டிப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"'டிஸ்கஸ் எபௌட்' தப்பாக்கா? ஐயோ, நான் தினம் இமெயில்ல எழுதுறேனே! எங்க பாஸும் அப்படித்தான்."

"'சென்ட் மீ டு த ஸ்டேஷன்'னும் சொல்லக்கூடாதாம். ஆள் என்ன பார்சலான்னு கேப்பாங்களாம்."

ஷா ஆலம் தாண்டும்வரை இருவரும் புலம்பினோம். இறங்கும்போது தெரிந்திருந்ததும் மறந்து போயிருந்தது.

கே.எல். சென்ட்ரலிலிருந்து தேர்வு மையத்துக்குப் பத்து நிமிட நடை. வழியில் ஒரு கடையில் இரண்டு தோசை, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரேக் டீ, 7.50 ரிங்கிட். 10.30க்குக் கூப்பிட்டார்கள்.

கதவைத் திறந்தால், தேர்வாளர் நெற்றியில் பொட்டோடு ஒரு தமிழ் அக்கா! நான் யாரோ ஒரு வெள்ளைக்காரரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். நம்மிடையே வழக்கம் தெரியும்தானே. தமிழ் முகத்தைப் பார்த்து, அதுவும் வயதில் மூத்தவரிடம், முழுக்க ஆங்கிலத்தில் பேசினால் "பெரிய இவ" என்பார்கள். அந்த அக்கா ஒலிப்பதிவுக் கருவியை அழுத்திவிட்டு, ஏன் தாதியானாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிகாஸ், எங்கம்மா டயாலிசிஸ்ல இருந்தப்போ, அக்கா..."

"இன் இங்கிலீஷ், ப்ளீஸ்," என்றார், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல்.

எனக்கு உடம்பே கூசிப்போனது. அதன்பிறகு ஆங்கிலத்தில்தான் பேசினேன். ஆனால் ஏதோ மரியாதைக் குறைவு செய்கிற மாதிரி, ஒவ்வொரு பதிலையும் இரண்டே வரியில் முடித்துக்கொண்டேன். நடுவில் இன்னும் இரண்டு தடவை 'அக்கா' வந்து விழுந்தது. இன், ஆன், அட் எதுவும் நினைவுக்கே வரவில்லை. பதினான்கு நிமிடத்தில் முடிந்தது.

வெளியே லிஃப்டுக்குக் காத்திருந்தேன். அதே அக்கா பையோடு வந்தார். "கிள்ளானாமா நீ? என் நாத்தனார் அங்கதான் இருக்கா. பத்திரமா போயிட்டு வா," என்றார், அத்தனை வாஞ்சையாக! அவர்மேல் தப்பில்லை, அது அவர் வேலை. ஆனாலும் அழுவதா, சண்டை பிடிப்பதா என்று எனக்குப் புரியவில்லை.

முடிவு வந்தது, பேச்சில் ஆறரை. அரை மதிப்பெண்ணில் போச்சு. மருத்துவமனை வேறு ஒருத்தியை எடுத்துக்கொண்டது. நான் மறுபடி பணம் கட்டியிருக்கிறேன். இனி வேறு மருத்துவமனை தேட வேண்டும்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை ரயிலை நம்பாதீர்கள், ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். அடையாள அட்டையைத் தவிர எதையும் உள்ளே விடமாட்டார்கள். இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டு, சொந்த அக்காவை எதிரே உட்காரவைத்து ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள். நான் நேற்று முயன்றேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் முகம் வாடிவிட்டது.

"ஏன்டி, என்மேல ஏதாச்சும் கோவமா?" என்றாள்.