பதின்மூன்று நாள் பிரிக்காத கடிதம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்தது, மறு கன்னத்தில் சோப்பு. வாசல் பக்கமிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"இஞ்சாருங்கோ, கேட்டடியில அஞ்சலை நிக்குது. கையில கடதாசி. மூலையில கரி."

கரி என்றால் உங்களுக்கே தெரியும். ஊர்க் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் இருந்தால் கல்யாணம், காதுகுத்து. கரி தடவியிருந்தால் சாவு. எழுத்தே தெரியாதவர்களுக்கும் இந்த அளவு படிக்கத் தெரியும். அப்படிப்பட்ட கடிதத்தை வீட்டுக்குள் வைத்து வாசிக்கிற வழக்கமில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சோப்பு முகத்தோடு வெளியே போனேன்.

அஞ்சலை — பெயரை மாற்றியிருக்கிறேன் — கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கூலி லைன் வீடொன்றில் இருக்கிறாள். புருஷனுக்குத் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கில் வேலை. இருவருக்கும் எழுத்து வாசனை கிடையாது. நான் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா; அந்த லைனுக்கு வரும் கடிதங்களில் பாதியை நான்தான் வாசித்துச் சொல்கிறேன்.

தீட்டுக் கணக்கும் என்னிடம்தான் கேட்பார்கள். பத்திரிகையில் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும் — தேதி. மழை பிடித்த நாள், தபால் கப்பல் தாமதமான நாள், பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்ட நாள்... எல்லாம் நோட்டில் இருக்கும். கோயில் குருக்களே இரண்டு தடவை ஆள் அனுப்பி என்னிடம் நாள் கேட்டிருக்கிறார். அதில் எனக்குப் பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்?

கடல் தாண்டி வந்தவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. செத்த நாளிலிருந்து தீட்டு எண்ணுவதில்லை; செய்தி காதில் விழுந்த நாள்தான் முதல் நாள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரயிலில் கடிதம் இங்கே வருவதற்குள் அங்கே கருமாதியே முடிந்துவிடுகிறது. வேறென்ன செய்வது?

அஞ்சலை நீட்டிய கடிதத்தை வாங்கினேன். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. வழக்கம்போல என் கண் முதலில் முத்திரைக்குப் போனது. கோலாலம்பூர் முத்திரை. தைப்பூசத்துக்கு ஒன்பது நாள் முந்திய தேதி.

"இது வந்து பதின்மூன்று நாளெல்லோ, அஞ்சலை. தபால்காரன் இப்பதான் தந்தவனோ?"

"இல்லீங்க கிராணி ஐயா. அன்னைக்கே குடுத்துட்டாரு. அரிசி டின்னுக்குள்ள போட்டு வச்சிருந்தேன்."

"ஏன்?"

"கரியப் பாத்தேன்ல. தைப்பூசம் போயி, நேத்தோட வெரதம் முடிக்கிற இடும்பன் பூசையும் முடிஞ்சிருச்சு. இப்பப் படிங்க."

கடிதத்தைத் திருப்பி முத்திரையை மறுபடி பார்த்தேன். ஏனென்றால் தைப்பூசத்தன்று பத்துமலை ஸ்பெஷல் ரயிலில் இவளை நானே பார்த்தேன். மஞ்சள் சேலை, தலையில் பால்குடம், பக்கத்தில் அவளுடைய மூன்று வயதுப் பெண் குழந்தை. போன மழைக்காலத்தில் அந்தக் குழந்தைக்கு விஷக்காய்ச்சல். அப்போது நேர்ந்துகொண்ட குடம்.

அப்படியானால்... சாவுக் கடிதம் வீட்டிலிருக்க, விரதமிருந்து, குடமெடுத்து, அந்தக் குகைக் கோயிலின் மரப்படி முழுவதும் ஏறியிருக்கிறாள்.

"அப்ப உனக்கு யார் செத்தது எண்டு இன்னும் தெரியாதோ?"

"தெரியாதுங்க. அம்மா இருக்கு, அப்பன் இருக்கு, தம்பி ரெண்டு பேரு இருக்கான். தினம் ஒவ்வொருத்தரா நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"உன்ர மனுசனுக்கு?"

"அவருக்கும் சொல்லல. அவரு வாய் சும்மா இருக்காது. பிரிக்காட்டித் தெரியாது. தெரியாட்டித் தீட்டு இல்ல. காதுல விழுந்த நாளுதான் கணக்குன்னு நீங்கதான சொல்லுவீங்க."

என் சட்டத்தை என் முகத்துக்கே திருப்பிவிட்டாள். பெரிய வக்கீல்கள்கூட இவ்வளவு சுருக்கமாக வாதாடி நான் கேட்டதில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அதிர்ச்சி என்று சொல்வதுதான் சரி. அது கோபமாக வெளியே வந்தது.

"இது சாமியை ஏமாத்திறது இல்லையோ?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"சாமிய எங்கங்க ஏமாத்துனேன்? மொதப் படியில நின்னே சொல்லிட்டேன். முருகா, ஊர்ல யாரோ போயிட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். என் கையால வேணாம்னா கொடத்தத் தட்டி விட்டுரு. கீழ கொட்டிட்டு நான் திரும்பிப் போயிர்றேன், கோவிச்சுக்க மாட்டேன்னேன்."

கதவோரம் நின்ற என் மனைவி, நாங்கள் பேசுவதில் தலையிடாதவள், மெல்லக் கேட்டாள்.

"குடம் தளும்பேல்லையோ?"

"இல்லக்கா. ஒரு சொட்டு இல்ல."

நான் கடிதத்தைப் பிரித்தேன். இனி வருவதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

கடிதத்தில் என் கண் தேதியைத் தேடியது. மார்கழிக் கடைசி. விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன். இவர்கள் வழக்கத்தில் பதினாறு நாள். செத்த நாளிலிருந்து எண்ணினால் தைப்பூசத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது, ஆனால் கடல் தாண்டியவர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை; முத்திரை நாளிலிருந்து எண்ணினால் தைப்பூசம் தீட்டுக்குள்தான் விழுகிறது. இன்றைக்குத்தான் கேட்டாள் என்று வைத்தால் மட்டும் தப்பும். அப்படி வைக்கலாமா? கரியைப் பார்த்தது கேட்டதற்குச் சமம் ஆகாதா? மறுபடி எண்ணினேன். முகத்தில் சோப்பு காய்ந்து இழுத்தது.

"ஐயா" என்றாள் அஞ்சலை. "யாருங்க?"

அப்போதுதான் உறைத்தது. பதின்மூன்று நாள் காத்திருந்தவள் எதிரே நிற்கிறாள். நான் விரல் மடக்கிக்கொண்டிருக்கிறேன். யார் செத்தார்கள் என்று நானே இன்னும் பார்க்கவில்லை.

வரிகளுக்குப் போனேன். "உன்ர அம்மா" என்றேன்.

அவள் கேட்டருகே தரையில் உட்கார்ந்தாள்.

"கஷ்டப்பட்டுச்சான்னு எழுதியிருக்கா?"

"ரெண்டு நாள் காய்ச்சல் எண்டு இருக்கு. கடைசியாய் உன்ர பேரைச் சொன்னதாம்."

பேரைச் சொன்னது என்று நான் சொன்னது கடிதத்தில் இல்லை. ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

நான் என்னையறியாமல் ஓரடி பின்னால் தள்ளி நின்றிருந்தேன். என் மனைவி படியிறங்கி வந்து, அவள் பக்கத்தில் அதே தரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். எச்சரிப்பதுபோல் பார்த்தேன். "முழுகினால் போச்சு" என்றாள் நிமிராமலே.

கொஞ்ச நேரம் கழித்து, மனதிலிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"வந்த அண்டைக்கே என்னட்டக் கொண்டு வந்திருக்கலாமே, அஞ்சலை."

"வந்தா நீங்க நாள் எண்ணிடுவீங்க. அடுத்த வருசம் எடுத்துக்கலாம்னு சொல்லிடுவீங்க." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மூத்தவனுக்கு அப்பிடித்தான் சொன்னீங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. போன வாரம் மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள்.

அவள் போனபின் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். அஞ்சலையின் மாமனார் ஊரில் தவறிய செய்தி, தீட்டு பதினாறு, மகனுக்கு நேர்ந்த பால்குடம் இம்முறை கூடாது, அடுத்த தைப்பூசம் பார்க்கலாம். நான்கு பக்கம் தள்ளி இன்னொரு வரி: அஞ்சலை மகன், ஐந்து வயது, காய்ச்சல், அடக்கம் மாலை நாலரை. இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு கோடுகூட நான் போட்டதில்லை.

குடம் எடுத்திருந்தால் பையன் பிழைத்திருப்பான் என்று நான் நம்பவில்லை. லைனுக்குப் பின்னால் கால்வாயில் நீர் தேங்குகிறது, கொசு. எல்லாருக்கும் தெரிந்த காரணம். ஆனால் அவளிடம் இதை யார் போய்ச் சொல்வது? "அடுத்த வருசம்" என்று வாய் கூசாமல் சொன்ன நானா?

தீட்டு என்ற ஏற்பாட்டை நான் இகழவில்லை. துக்கம் வந்த வீட்டைக் கொஞ்ச நாள் சும்மா விடுங்கள் என்று யாரோ நல்ல மனதோடுதான் அதை ஆரம்பித்திருக்க வேண்டும். அதன் கணக்கில் நான் கெட்டிக்காரன். முப்பது வருஷமாக ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. சமயப்பற்று உள்ளவன் என்று என்னைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் யோசித்துப் பார்க்கிறேன்... இத்தனை வருஷத்தில், 'வேண்டாமென்றால் தட்டி விடு' என்று முருகனிடம் நான் ஒருநாளாவது பேசியிருக்கிறேனா? நாள் தவறாமல் அவன் வீட்டுக் கதவுவரை போய், கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

பத்துமலையின் முதல் படியில் கூசாமல் சொன்னதை, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னிடம் சொல்லத்தான் அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது.