அதுக்கு வேற பேரு வைங்க

தம்பி வெளியூர் வேலைக்குக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை காலை. வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டிகள் ஏறிவிட்டன. அம்மா ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவனோ, கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்த தன் ரேஸ் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆசை ஆசையாக வாங்கி, நாலைந்து முறைக்கு மேல் ஓட்டாத சைக்கிள். அதன் மேல் ஈரத் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை என் ஃப்ரெண்டு வந்து எடுத்துட்டுப் போவான்க்கா. குடுத்துடு."

"அவனுக்கு எதுக்கு? நான் ஓட்டுறேன்."

அவன் சிரித்த சிரிப்பில் கார் டிரைவரே திரும்பிப் பார்த்தார். "நீயா? அதுக்கு ஸ்டாண்டு கிடையாது, மணி கிடையாது, கேரியர் கிடையாது. காய்கறி வாங்கப் போற வண்டின்னு நினைச்சியா?"

"ரேஸுக்கு உன் பேரைக் குடுத்து வெச்சிருக்கேல்ல? அதை எடுத்துட்டு என் பேரைக் குடு."

"அக்கா, அங்க பின்னாடியே ஒரு வேன் வரும். யாரு கடைசியில திணறுறாங்களோ அவங்களை சைக்கிளோட அள்ளிப் போட்டுக்கிட்டு வந்துடும். குப்பை வண்டின்னு பேரு. உனக்கு அதுல ஜன்னல் சீட்டே ஒதுக்கிடுவாங்க."

"நான் அதுல ஏறலேன்னா?"

"ஏறாம முடிச்சா சைக்கிள் உனக்கே. ஏறினா மறுநாளே என் ஃப்ரெண்டுக்கு."

"அம்மா, கேட்டுக்கோ. நாளைக்கு இவன் பேச்சு மாறுவான்."

"ஊருக்குப் போற நேரத்துல என்ன பந்தயம் வேண்டிக்கிடக்கு?" என்றாள் அம்மா. ஆனால் கேட்டுக்கொண்டாள். கார் தெருமுனை திரும்பியதும் அக்கா உள்ளே போய், முதல் வேலையாகச் சைக்கிள் மேலிருந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள்.

பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'முறைப்பு' என்றால்தான் தெரியும். யாராவது அநியாயமாக ஏதாவது சொன்னால் பதில் சொல்லமாட்டாள், கண் கொட்டாமல் பார்ப்பாள். பார்க்கப்பட்டவர் தானாகவே இடத்தைக் காலி செய்வார். அந்தப் பார்வைதான் பெயராகிவிட்டது.

போன வருடம் மேற்பார்வையாளர் வேலை காலியானபோது, அது அவளுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கிடைத்ததென்னவோ, மானேஜரின் சாப்பாட்டுப் பையைக் காரிலிருந்து அறைவரை தினமும் தூக்கிக்கொண்டு நடந்த ஒருவருக்கு. "நீயும் கொஞ்சம் வால் பிடிச்சிருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பே?" என்று கூட வேலை செய்பவள் கேட்டாள். முறைப்பு அவளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

நாற்பதை நெருங்கும் வயதில் அந்தச் சைக்கிளில் உட்கார்ந்தது, மதில்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. முதல் வாரம், ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொண்டு ஓட்டுவதைப் பழகினாள். ஓட்டுவது வந்துவிட்டது. நிற்பதுதான் வரவில்லை. சிக்னலில், பூட்டிய காலைக் கழற்ற மறந்து, பேருந்து நிறைய ஆட்கள் பார்க்க, வெட்டிய மரம்போல் சாய்ந்தாள். எழுந்து, பேருந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாக முறைத்தாள்.

பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் கால்சட்டையை அம்மா தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "என்னடி இது, தலையணையைக் கட்டிக்கிட்டா போவே?"

"விழறப்ப உதவும்மா."

"அப்ப முட்டிக்கும் ரெண்டு தைச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஏரிக்கரைச் சாலையில் ஒரு கூட்டம் சைக்கிள் ஓட்டுகிறது என்று கேள்விப்பட்டு, அதில் போய்ச் சேர்ந்தாள். கூட்டத்துக்குத் தலைமை ஒரு பல் டாக்டர். அவளைவிடப் பத்து வயது சின்னப் பெண். பெரிய பெரிய ஆட்கள் வாயைத் திறந்து கிடப்பதைப் பார்த்தே பழகியவள் என்பதால் யாரிடமும் பயம் கிடையாது. ஏரிக்கரைக்கு வந்ததும் எதிர்க்காற்று ஆளைப் பிடித்துத் தள்ளியது. மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டார்கள். முறைப்பு மட்டும் தனியே ஓரமாக வந்தாள்.

"அக்கா, ஏன் தனியா போராடுறீங்க? முன்னாடி போறவர் வாலைப் பிடிங்க!"

"என்ன பிடிக்கணும்?"

"வால்! அவரு காத்தை வெட்டிக் குடுப்பாரு, நீங்க சும்மா பின்னாடி ஒட்டிக்கிட்டு வரலாம்."

முறைப்பு பிரேக்கைப் பிடித்தாள். இந்தத் தடவை காலைக் கழற்ற மறக்கவில்லை. "டாக்டர், அந்த வேலை தெரிஞ்சிருந்தா நான் இந்நேரம் மேற்பார்வையாளர். எனக்குப் பழக்கமில்லை."

"ஐயோ, இது அந்த வால் இல்லக்கா! இங்க பின்னாடி வந்தவங்க அப்புறம் முன்னாடி போய் இழுக்கணும்."

"அப்ப அதுக்கு வேற பேரு வைங்க."

"எல்லா ரேஸ்காரங்களும் சொல்ற வார்த்தை. உங்க ஒருத்தருக்காக மாத்த முடியுமா?"

முறைப்பு பார்த்தாள். பல் டாக்டரும் திருப்பிப் பார்த்தாள். முதல்முறையாக, பார்க்கப்பட்டவர் இடத்தைக் காலி செய்யவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கதைதான். கூட்டம் சிட்டாய்ப் பறக்கும். முறைப்பு காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு கடைசியில் வந்து சேர்வாள். அவர்கள் காபி குடித்து முடித்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். "இந்த வீம்பை மட்டும் கழட்டி வெச்சீங்கன்னா சைக்கிள் பாதி எடை குறையும்" என்பாள் பல் டாக்டர். முறைப்பு தண்ணீர் குடிப்பாள். ஆனால் அந்தக் காற்று அவள் தொடைகளை இரும்பாக்கிக்கொண்டிருந்தது. இது இரண்டு பேருக்குமே அப்போது தெரியாது.

ரேஸ் நாள் வந்தது. புதியவர்கள் பிரிவில் இளவட்டங்கள்தான் அதிகம். விசில் ஊதியதும் கூட்டம் கிளம்பிய வேகத்தில் முறைப்பு தனித்துவிடப்பட்டாள். ஊர் எல்லைவரை சமாளித்தாள். ஏரிக்கரைச் சாலை வந்ததும், வழக்கமான காற்று அன்றைக்கென்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததுபோல் அடித்தது. முன்னால் ஒருவரும் இல்லை. பின்னால் என்ஜின் சத்தம் கேட்டது.

குப்பை வண்டி. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "அம்மா, ஏறிக்கிறீங்களா? ஏசி போட்டிருக்கேன்."

"ஏசியை அணைங்க. டீசலாவது மிச்சமாகும்."

"அதில்லம்மா, இந்த வேகத்துல போனா அடுத்த வளைவுல நானே ஏத்தியாகணும். ரூல்ஸ்."

"வளைவு வரட்டும்."

தலையைக் குனிந்து மிதித்தாள். கூடத்துச் சுவர் மனதில் வந்தது. அந்த இடம் காலியாகி, அங்கே அம்மா துண்டு காயப்போட ஒரு ஸ்டாண்டு வாங்கி வைப்பது போலவும் தோன்றியது. அப்போதுதான் தூரத்தில் ஒரு பச்சை ஹெல்மெட் தெரிந்தது. கூட்டத்திலிருந்து உதிர்ந்த ஒரு பெண், சாலையில் அப்படியும் இப்படியும் அலைந்துகொண்டு போனாள். முறைப்பு எட்டிப் பிடித்தாள். பிடித்தவள் பின்னால் நிற்கவில்லை, தாண்டினாள். பச்சை ஹெல்மெட் சட்டென்று அவள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

போயும் போயும் எனக்கே ஒரு வாலா என்று முதலில் எரிச்சல் வந்தது. முறைக்கலாம் என்றால் திரும்ப முடியவில்லை. காற்று முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர், மூக்கில் நீர், தொடையில் நெருப்பு. இனி ஒரு மிதிகூட முடியாது என்ற நொடியில் அவள் வாயிலிருந்து, அவளைக் கேட்காமலே, ஒரு சொல் வந்தது.

"மாத்து!"

சலவைக்கூடத்துச் சொல். படுக்கை விரிப்பை இஸ்திரி போடும் பெரிய ரோலரில் ஒரு பக்கம் ஈரத் துணியை உள்ளே விடுவார்கள், மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வாங்கி மடிப்பார்கள். சூட்டுப் பக்கம் நிற்பவருக்குக் கை தாங்காமல் போனால் 'மாத்து' என்று ஒரு குரல். ஈரப் பக்கத்தில் இருப்பவர் மறுபேச்சில்லாமல் அங்கே வந்துவிடுவார். யாரும் யாரையும் கெஞ்சுவதில்லை, யாருக்கும் யாரும் கடமைப்படுவதும் இல்லை. மேற்பார்வையாளர் மட்டும் அந்தப் பக்கமே வருவதில்லை.

பச்சை ஹெல்மெட்டுக்கு ரோலரைத் தெரியாது. ஆனால் சொல் புரிந்தது. அவள் முன்னே போனாள், முறைப்பு அவள் பின்னால் ஒதுங்கினாள். யாரோ கதவைச் சாத்தியதுபோல் காற்று நின்றது. முறைப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவள் ரோலரின் சூட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மாற்றிவிட வந்தவர்களையெல்லாம் முறைத்திருக்கிறாள்! ஆனாலும் தப்பு அவளுடையது மட்டும் இல்லை. பேரு வைத்தவனுடையது.

சற்று நேரத்தில் முன்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது. "மாத்துக்கா!"

"வந்துட்டேன்!"

வளைவில் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், கதவைத் திறக்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது கைதட்ட மிச்சமிருந்தவர்கள் பல் டாக்டரும், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களும்தான்.

"கடைசியில வால் பிடிச்சுட்டீங்களே!"

"இல்ல. மாத்து போட்டோம்" என்றாள் முறைப்பு. பச்சை ஹெல்மெட் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே தலையை ஆட்டியது.

அன்று மாலை தம்பி கூப்பிட்டான். "விசாரிச்சேன்க்கா. குப்பை வண்டி உன் பின்னாடியே வந்துச்சாமே?"

"பின்னாடிதானே வந்துச்சு?"

அவன், "சரி, செயினுக்கு எண்ணெய் போட மறக்காதே" என்றான். சைக்கிள் கூடத்திலேயே நின்றது. அம்மா துண்டுகளைக் கொடியில் போடப் பழகிக்கொண்டாள். மேற்பார்வையாளர் அதே மேற்பார்வையாளர்தான், சாப்பாட்டுப் பையும் அதேதான். பல் டாக்டரும் முறைப்பும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சொல்லுக்காகச் சண்டை போட்டார்கள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். சூட்டுப் பக்கம் நின்று மடித்துவிட்டு வந்து முறைப்பு போனை எடுத்துப் பார்த்தாள். சைக்கிள் குழுவுக்குப் பல் டாக்டர் அனுப்பியிருந்த செய்தி:

"புதுசா சேர்ந்தவங்களுக்கு: ஞாயிறு ஏரிக்கரைல காத்து பலமா இருக்கும். தனியா யாரும் போராட வேண்டாம். முன்னாடி போறவங்களுக்கு முடியலைன்னா 'மாத்து'ன்னு கத்துங்க, பின்னாடி இருக்கிறவங்க உடனே முன்னாடி வரணும். வால் பிடிக்கிறதுன்னு சொல்லாதீங்க. நம்ம குழுவுல ஒருத்தங்களுக்கு அது பிடிக்காது, எனக்கும் இப்போ பிடிக்கலை."