அமெரிக்கா ஓட்டு எண்ணிய ஐந்து வாரங்கள்

தொண்ணூற்றாறாம் வருடத் தேர்தலில் என்னை ஓட்டு எண்ணும் வேலைக்குப் போட்டிருந்தார்கள். அப்போது நான் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். எண்ணும் மேசைக்குப் போய்ப் பார்த்தால், மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவர் எங்கள் தலைமை ஆசிரியர். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். பிள்ளைகளைக்கூட அதட்டிப் பேசாதவர்.

மதியம் மூன்று மணி இருக்கும். நான் பிரித்த ஒரு சீட்டில் இரண்டு சின்னங்களின் மேலும் முத்திரை இருந்தது. செல்லாத ஓட்டு என்று ஒதுக்கப் போனேன். அவர் கையை நீட்டி வாங்கி, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இருங்க டீச்சர். ஒண்ணு குத்துனது, இன்னொண்ணு சீட்ட மடிச்சப்ப மை ஒட்டுனதுங்க. அம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். முத்திரையில் இருக்கும் அம்பு முனைகள் ஒன்றில் நேராகவும் மற்றதில் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியும் இருந்தன. ஆனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற கட்சி ஏஜெண்டு ஒருவர் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். "வாத்தியாரே, நீ யாரு ஆளுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

அதிகாரி வந்து பார்த்து, ஓட்டு செல்லும் என்று எழுதிக் கொடுத்தார். அதோடு விஷயம் முடிந்தது. தலைமை ஆசிரியருக்கு மட்டும் முடியவில்லை. நாலைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் திடீரென்று சொன்னார். "இதே அமெரிக்காவா இருந்தா எல்லாமே மிஷினுங்க. நம்மளப் பாத்து யாரு ஆளுன்னு கேக்க வேண்டியதே வராது." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்தில் அங்கே அதிபர் தேர்தல் வந்தது. நாகல் நகரில் எங்கள் வீட்டில் அப்போதுதான் கேபிள் இணைப்பு வாங்கியிருந்தோம். நமக்குக் காலை என்றால் அங்கே முந்தின நாள் ராத்திரி. இட்லி ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். ஒருவர் ஜெயித்துவிட்டார் என்றார்கள். செத்த நேரத்தில் இல்லை என்றார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், தோற்றவர் போனில் வாழ்த்துச் சொன்னார் என்றார்கள். பிறகு அதையும் அவர் திரும்ப வாங்கிக்கொண்டார் என்றார்கள்.

என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "என்னடி இது, நம்ம ஊரு பஞ்சாயத்து எலெக்சன் மாதிரில்ல இருக்கு?"

ஒரே ஒரு மாநிலம். அதில் சில நூறு ஓட்டு வித்தியாசம். அதை வைத்துத்தான் அவ்வளவு பெரிய தேசத்துக்கு யார் அதிபர் என்று முடிவாக வேண்டும். அங்கே ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துவதில்லை, அட்டையில் துளை போடுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. துளை சரியாக விழாத அட்டைகளை மிஷின் எண்ணாமல் விட்டுவிட்டதாம். அதனால் மனிதர்கள் உட்கார்ந்து கையால் எண்ணினார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பேப்பரில் அப்படிக் கையால் எண்ணுகிற படம் ஒன்று இருந்தது. வெளியே மழை. தலைமை ஆசிரியர் பேப்பரை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், இதப் பாருங்க."

படத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஆள் அட்டையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால் நாலு பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். தலைமை ஆசிரியர் அந்த நாலு பேர் மேலும் விரலை வைத்தார்.

"இவங்கதான் ஏஜெண்டுங்க."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"நிக்கிற தோரணையப் பாருங்க."

சொல்லிவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ராக்கெட் விடுகிற தேசம். அங்கேயும் கடைசியில் ஒருத்தர் ஒற்றை ஓட்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, இதைப் போட்டவர் மனதில் என்ன நினைத்தார் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார். உலகத்தில் வேறு வழியே இல்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் டிவியில் கேட்டதை நான் போய் அவரிடம் சொல்வேன். மறுபடி எண்ணச் சொன்னார்கள், நிறுத்தச் சொன்னார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். ஐந்து வாரம் ஓடியது. கடைசியில் அங்கே பெரிய கோர்ட், எண்ணியது போதும் என்று சொல்லிவிட்டது. நாடு முழுக்கக் கூட்டினால் ஒருவருக்கு ஓட்டு அதிகம். ஆனால் அங்கே எந்த மாநிலத்தில் யார் ஜெயித்தார் என்பதுதான் கணக்காம்; அந்தக் கணக்கில் மற்றவர்தான் அதிபர் என்றாகிவிட்டது.

டிசம்பரில் ஒரு காலை, அதிக ஓட்டு வாங்கியும் தோற்றுப்போனவர் டிவியில் வந்து பேசினார். இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. கோர்ட் சொன்னது தனக்குச் சம்மதமில்லை, ஆனாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். ஜெயித்தவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டதாகவும், இந்த முறை திரும்பப் போன் பண்ண மாட்டேன் என்று அவரிடம் சொன்னதாகவும் சிரித்தபடி சொன்னார். நான் சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டேன். இவர் தன் ஆட்களிடம் வாங்க, தெருவில் இறங்குங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அந்த வார்த்தை வரவே இல்லை.

"பஸ்ஸு போயிருச்சு" என்றார் வீட்டுக்காரர். அவரும் உட்காரவில்லை.

முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனேன். தலைமை ஆசிரியர் வாசலிலேயே நின்றிருந்தார். காரணத்தைச் சொன்னேன். திட்டவில்லை.

"மொகம் எப்படிங்க இருந்துச்சு?"

"தெளிவா இருந்துச்சு சார்."

"பக்கத்துல அவரு சம்சாரம் இருந்தாங்களா?"

"காட்டலை சார்."

"இருந்திருப்பாங்க" என்றார். பிறகு என் வகுப்பைப் பார்த்துக் கைகாட்டினார். அங்கே ஒரே கூச்சலாக இருந்தது.

அன்று ஐந்தாம் வகுப்பில் உலகப் படத்தை எடுத்து மாட்டினேன். அமெரிக்காவில் அந்த மாநிலத்தைத் தேடினேன். கீழே ஓரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலை அதன் மேல் வைத்தேன். மொத்தமும் மறைந்துவிட்டது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, "என்ன டீச்சர் அது?" என்று கேட்டாள். விரலை எடுத்துவிட்டு அவளைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னேன்.